தோல் தொழிலுக்கு இட அமைப்புத் திட்டம்: கொல்கத்தா தரும் பாடம்

(தோல்பொருள் தொழில் பயிலும் மாணவர்களும் சிறுதொழில் துறை அலுவலர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தோல் தொழிலில் இட அமைப்பைத் திட்டமிடுவது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இத்தொழிலில் வரைபடம் ஒன்று அன்று, மூன்று. முதலாவது, வெட்டுவதற்கு முன் தோலின் மேல் வரையப்படுவது. இரண்டாவது, பட்டறையின் தரையில் வரையப்படுவது. மூன்றாவது, நகரத்தின் நிலப்படத்தில் வரையப்படுவது. முதல் வரைபடத்தை வெட்டும் தொழிலாளி வரைகிறார். இரண்டாவதைப் பட்டறை உரிமையாளர் வரைகிறார். மூன்றாவதை அரசு வரைகிறது. இம்மூவரும் ஒருவர் வரைவதை மற்றவர் காண்பது அரிது. ஆயினும் மூன்றுக்கும் பொருந்தும் விதி ஒன்று உண்டு. எந்த வரைபடத்திலும் மிச்சத்திற்கும் கழிவுக்கும் முதலில் இடம் ஒதுக்கப்பட வேண்டும். அவ்வாறு ஒதுக்கப்படாத எதுவும் மறைந்து போவதில்லை. அது இறுதியில் தொழிலாளியின் தலைமேல் வந்து விழுகிறது.

இதை விளக்கக் கொல்கத்தா நகரை எடுத்துக்கொள்கிறேன். தோல் பதனிடுதலும் தோல்பொருள் செய்தலும் ஒரே நகரில் நெடுங்காலமாக நடைபெற்றுவரும் இடம் அது. பணப்பை, கைப்பை, தொழிலகக் கையுறை ஆகியவற்றின் ஏற்றுமதியில் பெயர் பெற்றது. மேலும் நமக்கும் அந்நகருக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. தோல் தொழிற்கல்விக்கென 1919ஆம் ஆண்டிலேயே அங்கு ஓர் ஆராய்ச்சிப் பதனிடுகூடம் தொடங்கப்பெற்றது. அது வங்காளத் தோல் பதனிடும் பயிலகமாக வளர்ந்தது. 1948ஆம் ஆண்டு சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டபோது அதன் முதல் இயக்குநராக வந்த பேராசிரியர் பி. எம். தாஸ் அப்பயிலகத்தில் பணியாற்றியவரே. எனவே இவ்வறிவில் ஒரு பகுதி நமக்கு அங்கிருந்து வந்தது எனலாம்.

முதல் வரைபடம்: தோலின் மேல்

துணி வெட்டுபவர் பல மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே வெட்டில் முடித்துவிடலாம். தோலில் அது இயலாது. ஒரு தோலைப் போல் மற்றொரு தோல் இராது. ஒரே தோலிலும் எல்லாப் பகுதியும் ஒரே தன்மையுடையதாக இராது. முதுகெலும்பின் இருபுறமும் வால் பக்கமாக உள்ள பின்பகுதி நெருக்கமான நாரமைப்பு உடையது; உறுதியானது. தோள் பகுதியில் சுருக்கங்கள் தென்படும். வயிற்றுப் பகுதி தளர்ந்தது, இழுத்தால் நீளும். இவற்றுடன் உண்ணிக் கடி, சூட்டுத் தழும்பு, முள் கீறல், உரிக்கும்போது விழுந்த கத்தி வெட்டு ஆகிய குறைகளும் இருக்கும்.

ஆகவே முதல் வேலை வரைவதன்று, பார்ப்பதே. தோலை நல்ல பகல் வெளிச்சத்தில் விரித்து, குறைகள் அனைத்தையும் சுண்ணக்கட்டியால் வட்டமிட வேண்டும். அதன் பின்னரே அட்டை மாதிரிகளை அடுக்கத் தொடங்க வேண்டும். பையின் முன்முகம், மூடி முதலான கண்ணில் படும் பெரிய உறுப்புகளைப் பின்பகுதியில் அமைக்க வேண்டும். பிடிவார், தோள்வார் போன்றவை பாரம் தாங்குபவை. அவற்றை முதுகெலும்புக்கு இணையாக வெட்டினால் நீட்சி குறையும். உள்ளறை, அடிப்பட்டை, மறைவாக வைத்துத் தைக்கும் தாங்குபட்டை ஆகியவற்றுக்கு வயிற்றுப் பகுதி போதும். பெரிய உறுப்புகளை முதலிலும் சிறியவற்றை இடைவெளிகளிலும் வைப்பதே முறை. சிறியவற்றை முதலில் வெட்டிவிட்டுப் பெரியதற்கு இடம் தேடுபவர், ஒரு மூடிக்காக இன்னொரு தோலைத் திறக்க நேரும்.

புடைப்புச் சித்திரம் செதுக்கும் வேலைக்கு மேலும் ஓர் எச்சரிக்கை தேவை. தாவரப் பதனிட்ட தோலை நனைத்துச் சித்திரம் பதிக்கும்போது தோல் சற்றே நீளும். எனவே உறுப்பை அளவைவிடப் பெரிதாக வெட்டிக்கொண்டு, சித்திரம் முடிந்து உலர்ந்த பிறகே சரியான அளவுக்கு ஓரம் நறுக்க வேண்டும். மடிப்புக்கும் தையலுக்கும் வேண்டிய ஓரத்தை அட்டை மாதிரியிலேயே சேர்த்து வரைய வேண்டும். சித்திரத்தின் எல்லை வேறு, தையலின் எல்லை வேறு, வெட்டின் எல்லை வேறு. மூன்றையும் மூன்று கோடுகளாக வரைந்து பழகுவது மாணவர்க்கு நன்று.

இதனால் விளையும் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சிறு பட்டறை மாதம் 1,200 சதுர அடித் தோல் வாங்குகிறது என்றும், சதுர அடி விலை 100 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். வெட்டும் முறையைத் திருத்தி நூற்றுக்கு ஐந்து பங்கு மிச்சப்படுத்தினால் மாதம் 60 சதுர அடி மிஞ்சும். அது மாதம் 6,000 ரூபாய். ஆண்டுக்கு 72,000 ரூபாய். இத்தொகையைச் சற்று நேரம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்கு வரும்போது அதன் பயன் புலப்படும்.

மிச்சம் என்பதற்கும் ஒரு திட்டம் இருக்க வேண்டும். கையளவுத் துண்டுகளைச் சாவிக்கொத்து, நாணயப்பை, முகவரிச் சீட்டு எனத் தரம் பிரித்து வைக்கலாம். தடித்த மாட்டுத்தோலைப் பிளக்கும்போது கிடைக்கும் அடிப்படலத்தைக் கழிவென எறியாமல் தொழிலகக் கையுறையாக்கியது கொல்கத்தாவின் அனுபவ அறிவு. பற்றவைப்பவர்களும் வார்ப்பாலைத் தொழிலாளரும் உலகெங்கும் அணியும் கையுறைகளில் அத்தகைய தோல் பெரிதும் பயன்படுகிறது. மிச்சத்திற்கு ஓர் இடம் வகுத்ததால் ஒரு தொழிலே உருவாயிற்று என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாம் வரைபடம்: பட்டறைத் தரையில்

கொல்கத்தாவின் கிழக்கே டாப்சியா, தில்ஜலா பகுதிகளின் குறுகிய தெருக்களில் சிறு பட்டறைகள் நிறைந்துள்ளன. அங்கு அவற்றைக் கார்கானா என்பர். பலவற்றில் பகலில் வேலை செய்யும் அறையே இரவில் உறங்கும் அறை. இத்தகைய இடத்தில் இட அமைப்பு என்பது அழகுக்காகச் செய்யப்படுவதாக இருக்க முடியாது.

பொருள் செல்லும் வழியை முதலில் முடிவு செய்ய வேண்டும். தோல் இருப்பறை, தரம் பிரித்தல், வெட்டுதல், ஓரம் சீவுதல், பசையிட்டு ஒட்டுதல், தைத்தல், ஓரத்திற்கு வண்ணமிடுதல், சரிபார்த்தல், சிப்பமிடுதல் ஆகியவை வரிசையாக நடைபெறும் வேலைகள். இவ்வரிசையிலேயே மேசைகளும் பொறிகளும் அமைந்தால் ஒரு பை பட்டறைக்குள் ஒரே திசையில் நகரும். இடம் போதாவிடில் நேர்க்கோட்டிற்குப் பதிலாக ‘ப’ வடிவில் அமைக்கலாம். பொருள் நுழையும் பக்கமும் வெளியேறும் பக்கமும் அடுத்தடுத்து இருக்கும், கண்காணிப்பும் எளிது. வெட்டும் மேசைக்கு வடக்கு நோக்கிய சன்னலின் சீரான ஒளி சிறந்தது. வலக்கையால் வேலை செய்பவருக்கு ஒளி இடப்புறமிருந்து வந்தால் கையின் நிழல் கோட்டின் மேல் விழாது. கொல்கத்தாவின் மழைக்காலத்தில் ஈரத்தால் தோலில் பூசணம் பிடிக்கும். ஆகவே இருப்பறையில் மரத்தட்டுகளைத் தரையிலிருந்து உயர்த்தியும் சுவரிலிருந்து விலக்கியும் வைக்க வேண்டும். தாழ்ந்த பகுதிகளில் நீர் தேங்கும் உயரத்திற்கு மேலேயே மின்பலகை இருக்க வேண்டும்.

இனி, வரைபடத்தில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒன்றைச் சொல்கிறேன். அது காற்று. ஒட்டும் பசைகளில் கலந்துள்ள கரைப்பான்கள் விரைவில் ஆவியாகும். பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. ஹெக்சேன் நரம்புகளைத் தாக்கிக் கைகால்களை உணர்விழக்கச் செய்யும். இவ்வாவிகள் காற்றைவிடக் கனமானவை; எனவே கீழே தங்கும். நம் நாட்டுப் பட்டறைகளில் தொழிலாளர் பெரும்பாலும் தரையிலேயே அமர்ந்து ஒட்டுகின்றனர். அதாவது ஆவி தங்கும் மட்டத்திலேயே அவர்களது மூக்கும் இருக்கிறது. கூரையருகே ஒரு மின்விசிறியை மாட்டிவிட்டுக் காற்றோட்டம் செய்துவிட்டோம் என்று கருதுவது தவறு. பசை மேசையை உயர்த்தி, அதன் பின்புறத்தில் தாழ்வான மட்டத்தில் ஆவியை வெளியே இழுக்கும் விசிறியைப் பொருத்த வேண்டும். பசை டப்பாக்களுக்கு மூடி வேண்டும். ஒரு நாளைக்கு வேண்டிய அளவே அறைக்குள் இருக்க வேண்டும். இவ்வாவிகள் எளிதில் தீப்பற்றும் ஆதலால், சூடேற்றும் கருவியும் சமையல் அடுப்பும் அந்த மூலையை நெருங்கக் கூடாது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளி ஒருவருக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டுமென வகுத்தது. நான்கு மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு 36 கன மீட்டர். அக்கணக்கின்படி அதில் இருவர்தாம் வேலை செய்யலாம். அத்தகைய அறையில் ஆறு பேர் அமர்ந்து தைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மின்விசையுடன் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்த இடங்களுக்கு அச்சட்டம் பொதுவாகப் பொருந்தவில்லை. நெரிசல் மிகுந்த இடங்களே அளவுகோலுக்கு வெளியே நின்றன.

இதன் விளைவைக் கொல்கத்தா கண்டிருக்கிறது. 2006ஆம் ஆண்டு நவம்பரில் டாப்சியாவில் தோல்பை செய்யும் பட்டறையொன்றில் இரவில் தீப்பற்றியது. உள்ளே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். எனவே பட்டறையின் வரைபடத்தில் இரண்டாவது வெளிவழி ஒன்று கட்டாயம் வேண்டும். அது உள்ளிருந்து பூட்டின்றித் திறக்க வேண்டும். தோல் கட்டுகளை அடுக்கி அதை மறைக்கக் கூடாது. உறங்கும் இடம் பசையும் தோலும் இருக்கும் அறையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும்.

இவற்றுக்குப் பணம் எங்கே என்று உரிமையாளர் கேட்பார். முன்பு நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன 72,000 ரூபாயை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். இழுவிசிறி, தீயணைப்பான், மூடியுள்ள பசைக்கலம் முதலியவற்றுக்கான செலவு தோலின் மேல் வரைந்த முதல் வரைபடத்திலிருந்தே கிடைக்கும். பட்டறைகளைப் பார்வையிடும் அலுவலர் வெட்டும் முறையையும் கற்பித்துவிட்டுப் பின்னர் விசிறியைக் கேட்டால், அவரது சொல் எடுபடும்.

மூன்றாம் வரைபடம்: நிலப்படத்தில்

தோல் பதனிடுதலில் கழிவே மிகுதி. ஒரு டன் உப்பிட்ட பச்சைத்தோலிலிருந்து முடிவுற்ற தோலாக வெளிவருவது ஏறத்தாழ 250 கிலோ மட்டுமே. அதற்கு வழக்கமான முறையில் 30 முதல் 40 கன மீட்டர் தண்ணீர் செலவாகிறது. எஞ்சியவை உப்பாகவும் சுண்ணாம்பாகவும் சவ்வாகவும் குரோமியமாகவும் வெளியேறுகின்றன. ஆகவே பதனிடும் ஆலைக்கு இடம் தேடுவது என்பது உண்மையில் கழிவுக்கு இடம் தேடுவதே.

ஹக்கா சீனர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டாங்ராவில் தோல் பதனிடத் தொடங்கியபோது அது நகருக்கு வெளியே இருந்த சதுப்பு நிலம். நிலம் மலிவு, கழிவுநீர் ஓடக் கால்வாய் அருகிலேயே இருந்தது. வீடும் ஆலையும் ஒரே மதிலுக்குள் அமைந்தன. பின்னர் நகரம் வளர்ந்து அப்பகுதியைச் சூழ்ந்துகொண்டது. கழிவு மட்டும் பழைய வழியிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

1996ஆம் ஆண்டு இந்தத் தொழிலின் வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டு ஆகஸ்டு 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நம் பாலாற்றங்கரை ஆலைகளைக் குறித்துத் தீர்ப்பளித்தது. டிசம்பர் 19 அன்று எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், டாங்ரா, தில்ஜலா, டாப்சியா, பக்லா டாங்கா ஆகிய பகுதிகளில் இருந்த ஏறத்தாழ 550 ஆலைகள் இடம்பெயர வேண்டுமென ஆணையிட்டது. இரு தீர்ப்புகளையும் வழங்கிய அமர்வுகளில் நீதிபதி குல்தீப் சிங் இருந்தார். மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டுமென்னும் கொள்கை இரண்டிலும் நிலைநாட்டப்பட்டது. வேலூர்ப் பகுதி ஆலைகள் இருந்த இடத்திலேயே சுத்திகரிப்பைத் தேடின. கொல்கத்தா ஆலைகள் இடத்தையே மாற்றின.

அவற்றுக்கென நகரின் கிழக்கே, தெற்கு 24 பர்கனா மாவட்டத்தின் பாந்தலாவில், ஏறத்தாழ 1,100 ஏக்கரில் தோல் தொழில் வளாகம் வகுக்கப்பட்டது. வளாகம் 2005ஆம் ஆண்டு முறையாகத் திறந்து வைக்கப்பட்டது. நீதிமன்றம் குறித்த காலத்திற்கும் ஆலைகள் உண்மையில் நகர்ந்த காலத்திற்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்தன. மனைகளைப் பிரிப்பது எளிது. வாய்க்கால், சுத்திகரிப்பு நிலையம், சாலை, தொழிலாளர் குடியிருப்பு ஆகியவை ஒருங்கே ஆயத்தமாவதுதான் கடினம்.

பாந்தலாவுக்கு அருகிலேயே கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் உள்ளன. ஏறத்தாழ 12,500 எக்டேர் பரப்புள்ள இந்நிலங்கள் 2002ஆம் ஆண்டு ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. நகரின் கழிவுநீரைக் கொண்டே அங்கு மீன் வளர்க்கின்றனர்; காய்கறியும் நெல்லும் பயிரிடுகின்றனர். அந்நீரில் குரோமியம் கலப்பது மீனவர் பிழைப்பையும் மக்களின் உணவையும் ஒருசேரத் தாக்கும். எனவே அங்கு வரைபடத்தில் ஒரு வாய்க்கால் தவறினாலும் விளைவு பெரிது.

வாய்க்கால் குறித்து மாணவர்கள் ஒன்றை நன்கு அறிந்துகொள்ள வேண்டும். ஆலையிலிருந்து வெளிவரும் நீர் ஒரே வகையினதன்று. ஊறவைத்த நீரில் உப்பு மிகுதி. மயிர் நீக்கிய நீரில் சுண்ணாம்பும் சல்பைடும் உண்டு. குரோமியப் பதனிட்ட நீர் அமிலத்தன்மை உடையது. அமில நீரும் சல்பைடு நீரும் ஒரே வாய்க்காலில் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயு எழும். மூடிய குழிக்குள் அது நொடிப்பொழுதில் உயிரைக் குடிக்கவல்லது. ஆகவே மூன்று நீருக்கும் மூன்று வாய்க்கால்கள் வேண்டும். அவ்வாறு பிரித்தால் உப்பைத் தனியே உலர்த்தலாம். குரோமியத்தை மக்னீசியம் ஆக்சைடு கொண்டு படியவைத்து மீண்டும் பதனிடப் பயன்படுத்தலாம். இங்கும் மிச்சத்திற்கு ஓர் இடம் கிடைக்கிறது.

2025ஆம் ஆண்டு ஜனவரி 29 அன்று, கொல்கத்தா உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரைப் பாதாளச் சாக்கடைக்குள் இறக்குவதை உச்ச நீதிமன்றம் தடை செய்தது. சில நாட்களே கழிந்த நிலையில், பிப்ரவரி 2 அன்று, பாந்தலா வளாகத்தில் சாக்கடைக் குழியைத் துப்புரவு செய்யச் சென்ற மூன்று தொழிலாளர் உயிரிழந்தனர். அவர்கள் தோலை வெட்டியவர்களும் அல்லர், பதனிட்டவர்களும் அல்லர். வரைபடத்தில் எவரும் தம் பொறுப்பெனக் கருதாத ஓர் இடத்தில் வேலை செய்தவர்கள்.

இது கொல்கத்தாவின் குறை மட்டும் என்று நாம் எண்ணிவிட வேண்டாம். 2015ஆம் ஆண்டு ஜனவரி 31 அதிகாலையில் நம் ராணிப்பேட்டையில், பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுக் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. கழிவுச்சேறு மதிலுக்கு அப்பால் இருந்த ஆலைக்குள் பாய்ந்தது. அங்கு உறங்கிக்கொண்டிருந்த பத்துப் பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். தொட்டிக்கும் உறங்குமிடத்திற்கும் இடையே போதிய தொலைவு இருந்திருந்தால், சுவர் இடிந்தும் அவர்கள் உயிர் தப்பியிருக்கலாம். வங்காளத் தொழிலாளி நம் மண்ணில் மடிந்த பிறகு, கொல்கத்தாவின் பாடம் நமக்கு அயலாகாது.

செய்ய வேண்டியவை

இவ்வுரையிலிருந்து அலுவலர்கள் எடுத்துச் செல்லத்தக்க சில கருத்துகளைத் தொகுத்துக் கூறுகிறேன்.

முதலாவதாக, பட்டறைக்குக் கடனுதவி கேட்டு வரும் விண்ணப்பத்துடன் பொறிகளின் பட்டியல் மட்டும் போதாது. தரை வரைபடம் ஒன்றும் இணைக்கப்பட வேண்டும். அதில் பசை மேசை, இழுவிசிறி, இரண்டாவது வழி, உறங்குமிடம் ஆகியவை குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டாவதாக, சிறு பட்டறைகளை நகருக்கு வெளியே தள்ளுவது மட்டுமே தீர்வாகாது. ஒட்டுதல், வண்ணமிடுதல் ஆகிய இரு வேலைகளுக்கு மட்டும் காற்றோட்டமுள்ள பொதுக்கூடம் ஒன்றைத் தெருவிற்கருகில் அமைத்தால், தைக்கும் வேலை குடும்பத்தின் அருகிலேயே தொடரலாம்.

மூன்றாவதாக, தொழில் வளாகம் வகுக்கும்போது வாய்க்கால், சேறு சேர்க்கும் இடம், குடியிருப்பு ஆகியவற்றை முதலில் வரைந்துவிட்டு, எஞ்சிய நிலத்தையே மனைகளாகப் பிரிக்க வேண்டும். சேற்றுத் தொட்டிக்கும் மனிதர் தங்குமிடத்திற்கும் இடையே வெற்றிடம் கட்டாயம் வேண்டும். வாய்க்கால்களைப் பொறிகளைக்கொண்டு துப்புரவு செய்யும் வகையிலேயே குழிகளின் அளவையும் இடைவெளியையும் வகுக்க வேண்டும்.

மாணவ நண்பர்களே, நாளை நீங்கள் ஒரு தோலை விரித்து முதல் அட்டையை வைக்கும்போது, எஞ்சும் துண்டு எங்கே போகும் என்று கேட்டுப் பழகுங்கள். அதே கேள்வியைப் பட்டறையில் ஆவியைப் பற்றியும், ஆலையில் நீரைப் பற்றியும் கேளுங்கள். இரவில் அந்தத் தொழிலாளி எங்கே உறங்குகிறார் என்றும் கேளுங்கள். இக்கேள்விகளுக்கு விடை எழுதப்பட்ட பின்னரே ஒரு வரைபடத்தில் நீங்கள் கையொப்பமிட வேண்டும்.